கடலும் திரையும் – 7: ஒரு பிடி மணல்

கதிரவெளிக் கடலில் சுழியோடிப் பழகிய வயதில் எங்களுக்கு ஒரே விதிதான். அடிமணலில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். வெறுங்கையோடு வந்தால் தரையைத் தொட்டதாக ஒருவரும் நம்பமாட்டார்கள். மணலுக்கு ஆசைப்பட்டுக் கொஞ்சம் கூடத் தங்கினாலோ மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர் ஏறிவிடும்.

பல வருடங்களுக்குப் பிறகு டொரொண்டோவில் அதே விதியை மறுபடியும் கண்டேன். பழைய சாமான் விற்பனையில் மாமா வாங்கிவந்த அட்டாரி 2600 என்ற வீடியோ விளையாட்டு இயந்திரத்தில் ஓடிய ஆட்டம் அது. பெயர் சீகுவெஸ்ட். "ஒட்சிசன் முடியப்போகுது மருமகன், மேல வா!" என்று பின்னாலிருந்து மாமா கத்திக்கொண்டிருந்தார்.

1983இல் அக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்ட இதை வடிவமைத்தவர் ஸ்டீவ் கார்ட்ரைட். நீலக் கடலுக்குள் சிறிய நீர்மூழ்கி ஒன்று. இரு பக்கமிருந்தும் சுறாக்களும் பகை நீர்மூழ்கிகளும் வரும். அவற்றுக்கு நடுவே மிதந்து போகும் சுழியோடிகளை ஏற்ற வேண்டும். ஆறு பேர் கொள்ளும். திரையின் அடியில் ஒட்சிசன் கோடு தேய்ந்துகொண்டே போகும். அது தீருமுன் மேலே வந்து நிரப்ப வேண்டும். ஆறு பேருக்குக் குறைவாக வந்தால் ஒருவரை இழப்பீர்கள். ஒருவரும் இல்லாமல் வந்தால் நீர்மூழ்கியே போய்விடும். எங்கள் மணல் விதி அப்படியே!

இதை எவ்வளவு சிறிய இடத்துக்குள் செய்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்புத்தான். ஆட்டத்தின் நிரல் இருக்கும் கார்ட்ரிட்ஜில் 4 கிலோபைட். இயந்திரத்தின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட்; யுனிக்கோடில் ஒரு நீண்ட தமிழ் வாக்கியத்துக்கே அது போதாது. திரை முழுவதையும் நினைவில் வைக்க வழியில்லை. ரீவியின் இலத்திரன் கற்றை ஒவ்வொரு வரியாக ஓடும்போதே அந்த வரிக்குரிய உருவத்தையும் நிறத்தையும் நிரல் கொடுத்துவிட வேண்டும். வன்பொருள் தரும் பெரிய உருவங்களோ இரண்டுதான். ஆனால் கற்றை கீழே இறங்கிய பிறகு அதே உருவத்தை அடுத்த உயரத்தில் மீண்டும் வரையலாம். சுறாக்கள் தனித்தனி நிரைகளில் நீந்துவதற்குப் பின்னால் இந்தக் கெட்டித்தனம் இருக்கிறது.

2013இல் டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், திரையைப் பார்த்தே விளையாடக் கற்கும் ஒரு நிரலை ஏழு அட்டாரி ஆட்டங்களில் சோதித்தார்கள். சிலவற்றில் அது மனிதரை வென்றது. சீகுவெஸ்டில் தேர்ந்த மனிதர் எடுத்தது 28,010 புள்ளி. நிரலின் சராசரி 1,705. நெடுநேரத்துக்கு முன்யோசனை வேண்டிய ஆட்டம் இது. சுறாவைச் சுட்டால் உடனே புள்ளி விழும். மேலே ஏறுகிற நேரத்திலோ எதுவும் கிடைக்காது, அதன் பலன் பிறகுதான். கிடைப்பதை விட்டுவிட்டு ஏறத் தெரிவதுதான் சுழியோடியின் கல்வி.

மன்னார்க் கரையில், சிலாவத்துறையில் முத்துக் குளித்தவர்களின் படிப்பும் இதுவே. கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து இறங்குவார்கள். ஒரு நிமிடம் அளவுக்குத்தான் மூச்சு. அதற்குள் சிப்பிகளைக் கூடையில் அள்ளிவிட்டுக் கயிற்றை அசைத்தால் தோணியில் இருப்பவர் மேலே இழுப்பார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டக் கடல்கட்டி என்றொருவர் இருப்பார். அவர் இல்லாமல் பலர் கடலில் இறங்கவே மறுத்தார்கள். ஆங்கிலேய ஆட்சியும் அவருக்குச் சம்பளம் கொடுத்தது.

கல், கயிறு, கூடை, சுறா, கடல்கட்டி, ஒரு மூச்சு. ஆட்டத்துக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களே, அடுத்த தவணைக்கு இதையே பயிற்சியாகக் கொடுத்துப் பாருங்கள். வெறுங்கையோடு மேலே வரக் கூடாது என்ற விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.