பெயர் பொறித்தவரும் செய்தவரும்: மாரண்டஹள்ளிப் பேண்டு குழுவின் பழைய டிரம்பெட்டை முன்வைத்து

முன்னுரை

தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளியில் திருமண ஊர்வலங்களிலும் மாரியம்மன் திருவிழாக்களிலும் வாசித்துவரும் பேண்டு குழு ஒன்றிடம் மூன்று தலைமுறையாக உள்ள பித்தளை டிரம்பெட் ஒன்றை இக்கட்டுரை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறது. குழுவினர் அதனை ‘லண்டன் டிரம்பெட்’ என்று வழங்குகின்றனர். அதன் விரிந்த வாய்ப்பகுதியில் பொறிக்கப்பட்டிருந்த ஆங்கில எழுத்துகள் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கியதில் தேய்ந்துவிட்டன. விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் ‘அண்டு கோ’ என்பதும் ‘மெட்ராஸ்’ என்பதன் முற்பாதியும் மட்டும் தெரிகின்றன. லண்டனில் செய்யப்பட்டது என்று உறுதியானால் நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ளச் சேகரிப்பாளர் ஒருவர் முன்வந்துள்ளார். இல்லையெனில் அது எடைக்குத்தான் போகும். ஆகவே செய்தவர் யார் என்னும் வினா அக்குழுவினர்க்கு வெறும் அறிவு வேட்கையன்று.

பொறிப்பு யாருடையது?

ஒரு கருவியில் காணும் பெயரைச் செய்தவர் பெயராகக் கொள்வது இயல்பு. அவ்வாறு கொள்ளத்தக்க இடங்களும் உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகர எக்காளங்களில் செய்தவர் பெயர், ஊர்ப்பெயர், தனி முத்திரை ஆகியன பொறிக்கப்பட்டன. அங்கும் சிக்கல் இல்லாமலில்லை. யோகான் வில்லெம் ஹாஸ் என்பவரின் முத்திரை திரும்பிப் பார்த்தபடி பாயும் முயல். அவருடைய வழித்தோன்றல்களும் அதே முயலைப் பயன்படுத்தினர். எனவே முத்திரை தெளிவாக இருந்தும் தந்தையா மகனா என்னும் ஐயம் எழுகிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை தலைகீழாயிற்று. சாக்சனியிலுள்ள மார்க்நொய்கிர்கென் என்னும் சிற்றூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த கைவினைஞர்கள் வீட்டுப் பட்டறைகளில் உறுப்புகளைத் தனித்தனியே செய்தனர். வணிகர்கள் அவற்றைத் தொகுத்து உலகெங்கும் அனுப்பினர். அவ்வணிகம் பெருகியதால் அமெரிக்க அரசு அவ்வூரிலேயே தூதரக முகமை ஒன்றை வைத்திருந்தது. அங்கிருந்து புறப்பட்ட கருவிகளுள் பல பெயரின்றிச் சென்று, விற்கும் கடையின் பெயரைப் பின்னர் ஏற்றன. சென்னையிலும் மேலைக் கருவிகளை விற்கும் கடைகள் பழமையானவை. இன்று மியூசி மியூசிக்கல் எனப்படும் நிறுவனம் 1842இல் மிஸ்குவித் அண்டு கோ என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. (நம் கருவியிலுள்ள ‘அண்டு கோ’ எந்நிறுவனத்தைச் சுட்டுகிறது என்பதற்கு இத்தகவல் சான்றாகாது.) ‘மெட்ராஸ்’ என்னும் சொல் விற்ற இடத்தையே பெரிதும் குறிக்கும். ‘லண்டன்’ என்பது உயர்வு கருதி இடப்பட்ட அடைமொழியாகவே எனக்குப் படுகிறது.

சட்டமும் ஓரளவு துணைபுரிகிறது. 1889ஆம் ஆண்டின் இந்திய வணிகக் குறிச் சட்டத்தையொட்டி, பிரிட்டன் அல்லது பிரிட்டிஷ் இந்திய வணிகரின் பெயர் தாங்கி வேற்று நாட்டிலிருந்து இறக்குமதியான பொருளில் அது செய்யப்பட்ட நாடும் அக்காலத்தில் குறிக்கப்பட வேண்டியிருந்தது. நம் கருவியில் நாட்டுப்பெயர் காணப்படவில்லை. ஆயினும் துலக்கித் தேய்ந்த பரப்பில் ஒன்று காணப்படாமையை அது இல்லாமைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

கருவியின் உடல் கூறுவன

பொறிப்பு கைவிட்ட இடத்தில் உடலையே படிக்க வேண்டியுள்ளது. வாய்ப்பகுதியின் அடிப்புறம் நெடுகப் பல்வரிசை போன்ற மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. பித்தளைத் தகட்டை வெட்டி, விளிம்பில் பற்கள் அமைத்து, ஒன்றோடொன்று கோத்துப் பற்றவைத்து, அச்சின்மேல் வைத்துத் தட்டி விரித்ததன் தடம் அது. இம்முறை ஐரோப்பா எங்கும் வழங்கியது. ஆதலால் அது கைத்திறனைக் காட்டுமேயன்றி ஊரைக் காட்டாது.

சுருதி இன்னும் பயனுள்ள சான்று. பிரிட்டிஷ் இராணுவ பேண்டுகள் நெடுங்காலம் ‘ஏ’ சுரத்தை ஏறத்தாழ 452 ஹெர்ட்ஸில் வைத்திருந்தன. 1920களின் இறுதியில் இராணுவம் அதனைக் கைவிட்டு 439க்கு இறங்கியது. இங்கிலாந்தின் பித்தளை பேண்டுகள் 1960கள் வரை பழைய சுருதியிலேயே நின்றன. இவ்விரண்டிற்கும் இடையே அரைச்சுரத்தில் பாதியளவு வேறுபாடு உண்டு. சாதாரண டிரம்பெட்டின் குழல் நீளம் ஏறத்தாழ 148 செ.மீ.; இவ்வேறுபாட்டை ஈடுசெய்யக் குழலை 4 செ.மீ.க்குச் சற்று மேலாக நீட்ட வேண்டும். சுருதிக் குழாய் இருகால் கொண்டதாதலால் அதனை 2 செ.மீ.க்குச் சற்று மேல் இழுத்தால் போதும். நம் கருவியை வாசிப்பவர் கீபோர்டுடன் சேரும்போதெல்லாம் அக்குழாயைக் கட்டைவிரல் அகலம் இழுத்து வைப்பதாகக் கூறினார். ‘இது எப்பவுமே கொஞ்சம் தூக்கலாத்தான் நிக்குமுங்க’ என்பது அவர் சொல். உயர்சுருதிக் கருவி என்னும் ஊகத்திற்கு இது வலுச்சேர்க்கிறது.

ஆனால் பழைய கருவியை மாதிரியாக வைத்துச் செய்தால் சுருதியும் சேர்ந்தே நகலாகும். உத்தரப்பிரதேசத்தின் மீரட் நகரில் 1885இல் தொடங்கப்பட்ட நாதிர் அலி நிறுவனமும், அதனைச் சூழ்ந்து ஜலி கோத்திப் பகுதியில் வளர்ந்த பட்டறைகளும் இந்தியத் திருமண பேண்டுகளுக்குக் கருவி வழங்கி வருபவை. ஆகவே சுருதி ஒன்றைக்கொண்டு மீரட்டை விலக்கிவிட இயலாது.

நடு பிஸ்டன்

மூன்று பிஸ்டன்களையும் கழற்றிப் பார்த்தபோதுதான் எதிர்பாராத செய்தி கிட்டியது. முதல், மூன்றாம் பிஸ்டன்களிலும் அவற்றின் உறைகளிலும் ‘17’ என்னும் எண் குத்தப்பட்டுள்ளது. இதனைத் தயாரிப்பு வரிசை எண்ணாகக் கொண்டு ஆண்டு கணிக்க முயல்வது பெரும் பிழையாகும். வரிசை எண்கள் பேரேட்டில் பதியப்படுபவை. பூசி அண்டு ஹாக்ஸ் நிறுவனத்தின் அத்தகைய ஆவணங்கள் 2004 முதல் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் உள்ளன. ‘17’ போன்ற சிற்றெண்ணோ, ஒவ்வொரு பிஸ்டனும் அதன் உறைக்கென்றே கையால் தேய்த்துப் பொருத்தப்பட்டதால், பட்டறையில் உறுப்புகள் மாறிவிடாதிருக்க இடப்பட்ட அடையாளம்.

நடு உறையிலும் ‘17’ உள்ளது. அதற்குள்ளிருக்கும் பிஸ்டனில் எண்ணே இல்லை. அதன் உலோகம் சற்றுச் சிவந்திருக்கிறது. கடைசல் எந்திரத்தின் வரிகள் மழுங்காமல் தெரிகின்றன. துளைகளும் குழாய் வாய்களோடு மயிரிழை விலகி நிற்கின்றன. மூலப் பிஸ்டன் தொலைந்தோ தேய்ந்தோ போனபின் யாரோ ஒருவர் அளவெடுத்துப் புதிதாகக் கடைந்திருக்கிறார். அத்துளைகளை அமைப்பது எளிய வேலையன்று; வளைந்து செல்லும் காற்றுவழிகளைச் சிறு உருளைக்குள் ஒன்றையொன்று முட்டாமல் பொருத்த வேண்டும்.

நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்த ரங்கநாத ஆசாரியின் பெயரை இசையுலகம் அறியும். அவ்வூர் நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடும் பெற்றது. பேண்டு கருவிகளைப் பழுதுபார்த்தவர்களுக்கு அத்தகைய ஏடு எதுவும் இல்லை. வில்லியம் வாட்டர்ஹவுஸ் 1993இல் வெளியிட்ட ‘நியூ லாங்வில் இண்டெக்ஸ்’ போன்ற பெருந்தொகுதிகள் கருவி செய்தோர்க்கானவை. பிஸ்டன் ஒன்றை மட்டும் கடைந்தவர்க்கு அவற்றில் இடமிருக்க வழியில்லை.

இக்கருவியை லண்டன் கருவி என்று சான்றளிக்க இயலாது என்பதைக் குழுவினரிடம் தெரிவித்தேன். உடலும் இரு பிஸ்டன்களும் ஒரு பட்டறையைச் சேர்ந்தவை, நடு பிஸ்டன் பிறிதொருவர் கைவேலை என்பதுவரையே சான்று செல்கிறது. மூத்த கலைஞர் நடு பிஸ்டனைக் கையில் வாங்கி, தம் தந்தை அதனை ஒரு கடைசல் பட்டறையில் கொடுத்துவிட்டுத் திருவிழாவுக்குள் கிடைக்குமோ என்று நாள்தோறும் நடந்ததைச் சொன்னார். பட்டறை எந்த ஊரில் என்று கேட்டேன். பாலக்கோடு என்றார்; சிறிது நேரம் கழித்து, இல்லை, ஓசூர் என்றார்.