எஸ்.எஸ்.டி. மாற்றிய பின் மடிக்கணினி எழாவிட்டால்



மடிக்கணினி கெட்டுப்போய்விட்டது. கடையில் காட்டி, உள்ளே இருக்கும் எஸ்.எஸ்.டி. என்ற பாகத்தைப் புதிதாக மாற்றியாகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து விசையை அழுத்தினால், கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி தோன்றி நின்றுவிடுகிறது. 'இனி இது உதவாது, புதிதுதான் வாங்க வேண்டும்' என்று பலர் அப்போதே முடிவு கட்டிவிடுகிறார்கள். சம்பள நாளை எண்ணிக் குடும்பம் நடத்தும் நம்மவர்களுக்கு அது சிறிய செலவு அன்று. ஆதலால், அந்த முடிவுக்கு வருமுன் நாம் வரிசையாகப் பார்க்க வேண்டியவை எவை என்பதை இன்றைய உரையில் காண்போம்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும், பாடம் வீட்டுக்குள் வந்தது. கைப்பேசி ஒன்றை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுப் படித்த வீடுகளை ஆசிரியர்களாகிய நாங்கள் அறிவோம். அந்த ஆண்டின் இறுதியில் செர்டிக் நிதியின் வழி 150,000 மாணவர்களுக்குக் கருவிகளை இரவலாகத் தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. கடன்பட்டும் பழையது வாங்கியும் தாங்களே ஒரு மடிக்கணினியைச் சேர்த்துக்கொண்ட பெற்றோரும் உண்டு. அப்படி வந்த கணினிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது, பழுதுகள் தலைகாட்டுகின்றன. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பள்ளி இரவலாகக் கொடுத்த கருவியாக இருந்தால் அதை நாம் திறக்கக் கூடாது. பள்ளியிடமே ஒப்படைக்க வேண்டும்.

எஸ்.எஸ்.டி. என்பது என்ன? கணினியில் நாம் எழுதியவை, எடுத்த படங்கள், கணினியை இயக்கும் விண்டோஸ், எல்லாம் தங்கியிருக்கும் இடம் அது. முன்பு இந்த வேலையைச் சுழலும் வட்டு செய்தது. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை. நுண்ணிய அறைகளில் மின்னேற்றத்தைச் சிறைப்பிடித்து வைப்பதே அதன் வேலை. இதற்கு அடிப்படையான ஃபிளாஷ் நினைவகத்தை, ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கினார். இது ஏதோ தொலைதூரப் பொருள் என்று எண்ண வேண்டாம். பினாங்கு மாநிலத்துப் பத்து காவான், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் பாடுபட்ட கரும்புத் தோட்டம். அதே பத்து காவானில்தான் பிற்காலத்தில் எஸ்.எஸ்.டி. செய்யும் தொழிற்சாலைகள் எழுந்தன.

இனி நம் கேள்விக்கு வருவோம். புதிதாக மாற்றிய பிறகும் கணினி ஏன் எழவில்லை?

தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று நாம் சொல்லத் தேவையில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள்கள் நிற்பார்கள். பேர் கூப்பிட்டு, வந்தவர் யார், வராதவர் யார் என்று தெரிந்த பிறகே, இன்னாருக்கு இன்ன நிரை என்று வேலை பிரிப்பார்கள். விசையை அழுத்தியவுடன் கணினியும் இப்படி ஒரு பெரட்டு நடத்துகிறது. தாய்ப்பலகையில் பதிந்துள்ள ஒரு சிறு நிரல்தான் அங்கே பேர் கூப்பிடுகிறது. பழைய பெயர் பயாஸ், இப்போது யு.இ.எஃப்.ஐ. என்கிறார்கள். விசைப்பலகை வந்ததா, நினைவகம் வந்ததா, எஸ்.எஸ்.டி. வந்ததா என்று பார்த்துவிட்டு, எஸ்.எஸ்.டி.யில் இருக்கும் விண்டோஸை எழுப்பி, மேற்கொண்டு வேலையை அதனிடம் ஒப்படைக்கிறது.

ஆகவே, நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஆள் பெரட்டுக்கே வரவில்லையா, அல்லது வந்தும் கையில் உளி இல்லையா?

முதலில், ஆள் வந்ததா என்று பார்ப்போம். கணினியை அணைத்து மீண்டும் ஏற்றும்போது எஃப்2 விசையைப் பலமுறை தட்டினால், பெரும்பாலான கணினிகளில் பயாஸ் பக்கம் திறக்கும். எச்.பி. கணினிகளில் எஃப்10. அந்தப் பக்கத்தில் புதிய எஸ்.எஸ்.டி.யின் பெயரும் அளவும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். இந்தச் சிறு பலகையைச் சாய்வாகச் செருகி, பிறகு கீழே அழுத்தித் திருகாணி போட வேண்டும். வகை மாறியிருக்கலாம், சாட்டா, என்.வி.எம்.இ. என்ற இரு வகைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் சில கணினிகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். அல்லது புதிய பாகமே பழுதாக இருக்கலாம். இம்மூன்றுமே கடைக்காரர் தீர்க்க வேண்டியவை. ஆகவே ரசீதைத் தொலைக்காமல் வைத்திருங்கள். வீட்டிலேயே திறக்கத் தெரிந்தவர்கள் மின்கம்பியைப் பிடுங்கி, உள்ளே இருக்கும் மின்கலத்தின் இணைப்பையும் கழற்றி, ஒரு உலோகப் பொருளைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிய பிறகே கைவைக்க வேண்டும்.

பெயர் தெரிகிறது, ஆனாலும் எழவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆள் வந்திருக்கிறார், உளிதான் இல்லை. புதிய எஸ்.எஸ்.டி. வெறும் நிலம். அதில் விண்டோஸ் இல்லை. கணினியோடு வந்த மீட்புப் பகுதியும் பழைய எஸ்.எஸ்.டி.யோடு போய்விட்டது. அதனால்தான், முன்பு எஃப்9, எஃப்11 என்று தட்டினால் வந்த மீட்புத் திரை இப்போது வருவதில்லை.

இதற்கு 8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ் ஒன்று வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் வேறொரு கணினியில், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இலவசமாகத் தரும் மீடியா கிரியேஷன் டூல் என்ற நிரலைக் கொண்டு விண்டோஸை அந்தப் பென்டிரைவில் ஏற்ற வேண்டும். பென்டிரைவில் முன்பு இருந்தவை அனைத்தும் அழிந்துவிடும். ஆகவே காலியானதையே எடுங்கள். பிறகு அதை நம் கணினியில் செருகி, ஏற்றும்போது எஃப்12 தட்டினால், எதிலிருந்து எழ வேண்டும் என்று கணினி கேட்கும். எச்.பி. கணினியில் எஃப்9, ஆசூஸ் கணினியில் எஸ்கேப் விசை. அங்கே பென்டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் நான்கு இடங்களில் சிக்கல் எழுவதுண்டு.

ஒன்று: பயாஸில் தெரிந்த எஸ்.எஸ்.டி., விண்டோஸ் ஏற்றும் திரையில் தெரியாமற்போவது. இன்டெல் செயலியுள்ள சில கணினிகளில், குறிப்பாக 2020இல் வந்த பதினோராம் தலைமுறை முதல், இது அடிக்கடி நடக்கிறது. எஸ்.எஸ்.டி. கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ராப்பிட் ஸ்டோரேஜ் என்ற இயக்கியை எடுத்து, விரித்து, பென்டிரைவில் வைத்து, 'லோட் டிரைவர்' என்ற இடத்தில் காட்டினால் எஸ்.எஸ்.டி. தோன்றிவிடும்.

இரண்டு: 'இந்த வட்டில் ஏற்ற முடியாது, இது ஜி.பி.டி. வகை' என்று மறுப்பது. பென்டிரைவ் பழைய முறையில் எழுப்பப்பட்டதே காரணம். மீண்டும் ஏற்றி, பட்டியலில் யு.இ.எஃப்.ஐ. என்ற சொல்லோடு இருக்கும் பென்டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். புதிய எஸ்.எஸ்.டி.யில் ஏற்கெனவே பிரிவுகள் இருந்தால் அவற்றை நீக்கி, ஒரே காலி இடமாக்கி, அதில் ஏற்றலாம். ஆனால் கணினிக்குள் இரண்டாவது வட்டு ஒன்று இருந்தால், அதன் அளவைப் பார்த்து அடையாளம் கண்டு, அதை மட்டும் தொடாதீர்கள். அதில்தான் உங்கள் படங்கள் இருக்கக்கூடும்.

மூன்று: பாதி வேலை முடிந்து கணினி தானே அணைந்து எழும்போது, மீண்டும் முதலிலிருந்தே தொடங்குவது. பென்டிரைவிலிருந்தே மறுபடி எழுகிறது என்பதுதான் காரணம். அந்த நேரத்தில் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டால் போதும்.

நான்கு: வைஃபை தெரியாததால் விண்டோஸ் 11 மேற்கொண்டு நகராமல் நிற்பது. கைப்பேசியைக் கம்பியால் கணினியோடு இணைத்து, கைப்பேசியின் இணையத்தை யு.எஸ்.பி. வழிப் பகிர்ந்தால் பெரும்பாலும் வழி திறக்கும்.

இடையில் விண்டோஸின் திறவு எண்ணைக் கேட்கும் ஒரு திரை வரும். இங்கேதான் நம் மக்கள் வீணாகப் பணத்தை இழக்கிறார்கள். எங்களிடம் படிக்கும் பிள்ளையின் தாயார் ஒருவரிடம், 'எஸ்.எஸ்.டி. மாற்றினால் விண்டோஸையும் புதிதாக வாங்க வேண்டும்' என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். உண்மை அதுவன்று. விண்டோஸ் 10 அல்லது 11 ஏற்றப்பட்டே விற்பனைக்கு வந்த மடிக்கணினிகளில், அந்த எண் பொதுவாகத் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும், எஸ்.எஸ்.டி. போனாலும் அது போவதில்லை. 'என்னிடம் எண் இல்லை' என்பதை அழுத்தி, முன்பு இருந்த அதே வகையை, ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ, தேர்ந்தெடுங்கள். இணையம் கிடைத்ததும் அது தானே உறுதியாகிவிடும்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. ஆகவே கணினி தாங்குமானால் விண்டோஸ் 11 ஏற்றுவதே நன்று. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய கணினிகளை அது முறைப்படி ஏற்பதில்லை. அத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் உண்டு. எழுதவும் படிக்கவும் இணையம் பார்க்கவும் பிள்ளைகளுக்கு அவை போதும்.

இவ்வளவும் கணினியை மீட்கும் வழி. உள்ளே இருந்தவை என்னவாகும்? பிள்ளையின் எஸ்.பி.எம். இடுபணி, இறந்துபோன தாத்தாவின் படம், பிறப்புப் பத்திரத்தின் நகல், இவற்றைக் கடையில் விலைக்கு வாங்க முடியாதே!

பழைய சுழலும் வட்டு சாகுமுன் பெரும்பாலும் கடகடவென்று ஓசை எழுப்பி எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. அப்படி அன்று, நேற்று மாலை வரை நன்றாக இருந்து, இன்று காலை பெரட்டுக்கு வராமல் போய்விடும். 2019 நவம்பரில் எச்.பி.இ. நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பெரிய கணினிகளுக்காக அது விற்ற சில எஸ்.எஸ்.டி.கள், உள்நிரலில் இருந்த பிழையால், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும் என்பதே அது. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். நின்ற பிறகு அவற்றையும் மீட்க முடியாது, உள்ளிருந்த தரவுகளையும் மீட்க முடியாது. முன்னதாகவே உள்நிரலைப் புதுப்பித்தவர்கள் மட்டுமே தப்பினார்கள். பெரிய நிறுவனங்களின் நிலையே இதுவென்றால் நம் வீட்டுக் கணினிக்கு என்ன உறுதி?

ஆகவே மூன்றைச் செய்யுங்கள். முதலாவது, கழற்றிய பழைய எஸ்.எஸ்.டி.யைக் கடையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிலவற்றில் எழுத முடியாமற்போனாலும் படிக்க முடியும். வேறு கணினியில் இணைத்துப் பார்த்தால் படங்கள் கிடைக்கலாம். அப்போது 48 இலக்கமுள்ள பிட்லாக்கர் எண் ஒன்றைக் கேட்டால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடுங்கள். அந்த எண்ணை இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது நல்லது. இரண்டாவது, முக்கியமானவற்றை மூன்று படிகளாக வைத்திருங்கள்: கணினியில் ஒன்று, வெளியே ஒரு வட்டில் ஒன்று, இணையக் கிடங்கில் அல்லது உறவினர் வீட்டில் ஒன்று. மூன்றாவது, இடிமழையைக் கவனியுங்கள். சிம்பாங் பூலாய், கோப்பெங் வட்டாரத்தில் பிற்பகல் இடி நமக்குப் புதிதன்று. மின்கலம் செத்துப்போய், கம்பியில் மட்டுமே ஓடும் பழைய மடிக்கணினி, எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் அடிபடக்கூடும். வானம் கறுத்ததும் வேலையைச் சேமித்து, முறைப்படி அணைத்து, கம்பியைப் பிடுங்கிவிடுங்கள்.

நேயர்களே, வேலைக்கு வராத ஆளைத் தோட்டத்தில் உடனே பேரை வெட்டிவிடுவதில்லை. ஏன் வரவில்லை என்று விசாரிப்பார்கள். கணினியையும் அவ்வாறே விசாரியுங்கள். பெரட்டுக்கு வந்ததா, கையில் உளி இருக்கிறதா, எந்த இடத்தில் நின்றது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, திரையில் தோன்றும் வரியைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கேட்கத் தெரிந்தவரிடம் யாரும் வேண்டாத விலை சொல்வது கடினம்.