இருமுறை பூக்கும் குள்ள ஐரிஸ்

மேல் நோக்கி நிமிர்ந்த மூன்று இதழ்களும், கீழ் நோக்கி வளைந்த மூன்று இதழ்களும், அவ்வளைந்த இதழ்களின் நடுவே தேனுக்கு வழிகாட்டி நிற்கும் மயிர்க்கற்றையும் உடைய தாடி ஐரிஸ், ஐரோப்பிய அமெரிக்க வீட்டுத் தோட்டங்களில் வசந்த ருதுவின் அலங்காரமாகப் போற்றப்படும் புஷ்பமாகும். அதன் உயர்ந்த ஜாதி ஒரு மீட்டரளவு வளர்ந்து காற்றுக்குச் சாய்ந்துவிடும் சுபாவமுடையது. குள்ள ஜாதியோ பெரும்பாலும் 20 முதல் 40 சென்டிமீட்டருக்குள் அடங்கி, பாத்தியின் ஓரத்திலும் பாறைகளின் இடுக்கிலும் சௌகரியமாக வாழ்கிறது.

இக்குள்ளச் செடி இயற்கையின் நேர் சிருஷ்டியன்று. ஆஸ்திரியா முதல் தென் ரஷ்யா வரை பரந்த புல்வெளிகளில் தானாக வளரும் பூமிலா என்னும் சிற்றினத்தை உயர்ந்த ஐரிஸோடு கலப்புச் செய்து, அமெரிக்கரான பால் குக், கெடிஸ் டக்ளஸ் இருவரும் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனை உருவாக்கினர். பூமிலாவின் 32 குரோமோசோம்களில் பாதியும், உயர்ந்த இனத்தின் 48இல் பாதியும் கூடி 40 ஆயின. கலப்பினங்கள் பல மலடாகப் போய்விட, இது விதை ஈன்று வம்சம் தழைத்ததே விசேஷம்.

இக்குள்ள ஐரிஸில் சில வகைகள் ஆண்டில் இருமுறை பூக்கின்றன. மறுமுறை பூப்பது எவ்வாறு? பூத்த முளை மீண்டும் பூப்பதில்லை. குலை தள்ளிய வாழை ஓய்ந்துவிட, பக்கக் கன்று தலையெடுப்பது போன்றே, கிழங்கின் இருபுறமும் கிளைக்கும் இளமுளைகளே அடுத்த பூவுக்கு உரியவை. சாதாரண வகைகளில் அம்முளைகள் பனிக்காலக் குளிரைக் கடந்தே மலரும். மறுபூப்பு வகைகளிலோ அவை அவ்வாண்டிலேயே பக்குவமடைந்து இலையுதிர் காலத்தில் பூக்கின்றன.

ஆகையால், கோடையில் ஐரிஸை வறளவிட்டு உறங்கச் செய்யும் பழைய வழக்கம் இவற்றுக்குப் பொருந்தாது. முதற்பூ உதிர்ந்ததும் மிதமான உரமும், மண் உலர்ந்தபோதெல்லாம் ஜலமும் அவசியம். தழைச்சத்து மிகுந்தால் இலை கொழுத்துக் கிழங்கு அழுகும். நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது விழும், நீர் தேங்காத இடத்தில், கிழங்கின் முதுகு வெளியே தெரியுமாறு நடவேண்டும். ஆழப் புதைப்பவரே அதிகம், அழுகக் கொடுப்பவரும் அவர்களே. மூன்றாண்டுக்கொருமுறை கிழங்கைப் பிரித்து நடாவிட்டால் முளைகள் நெருங்கிப் பூக்குறையும்.

ஐரிஸ் வளர்ப்பாளர் லாயிட் ஸர்பிரிக் 1979இல் வெளியிட்ட, இளமஞ்சள் நிறமுள்ள 'பேபி பிளெஸ்ட்' மறுபூப்பு வகைகளில் பெயர் பெற்றது. ஆயினும் உறைபனி முந்தி வரும் ஊர்களில் இரண்டாம் மொட்டு விரியுமுன்பே கருகிப்போகலாம். விலைப் பட்டியலிலுள்ள வர்ணச் சித்திரத்தை நம்பாமல், தம் ஊரிலேயே இருமுறை பூத்த வகையைக் கேட்டறிந்து வாங்குவதே உசிதம்.