நம்பிக்கை ஒரு பக்கம், வகுப்பறை ஒரு பக்கம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு காலத்தில், தடுப்பூசி தங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று பெற்றோர் படிவம் கொடுத்துப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முடிந்தது. 2014 டிசம்பரில் டிஸ்னிலேண்டிலிருந்து பரவிய தட்டம்மை அந்தச் சலுகைக்கு முடிவு கட்டியது. 2015இல் இயற்றிய சட்டம் மத விலக்கையும் சொந்த நம்பிக்கை விலக்கையும் சேர்த்தே நீக்கியது. இன்று பெற்றோருக்கு மிஞ்சியவை சில வழிகள்தாம்: மருத்துவ விலக்கு, வீட்டுக் கல்வி, வகுப்பறைக்கு வராத தனிப் படிப்பு. மருத்துவ விலக்கையும் 2021 முதல் மருத்துவர் அரசின் இணையப் பதிவேட்டில்தான் பதிய வேண்டும். சுகாதாரத் துறை அதை ரத்து செய்தால் மேல்முறையீடு உண்டு.

இது பெற்றோர் உரிமையைப் பறிக்கிறதே என்பார்கள். சட்டம் யாரையும் பிடித்து ஊசி போடவில்லை. பலர் கூடும் வகுப்பறைக்கு நிபந்தனை விதிக்கிறது, அவ்வளவே. பள்ளிகள் தடுப்பூசி கேட்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922இலேயே சொல்லிவிட்டது. தட்டம்மையைத் தடுத்து நிறுத்த சுமார் 95 சதவீதம் பேருக்கு எதிர்ப்பாற்றல் வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பதால் ஊசி போடவே முடியாத குழந்தைக்கு மற்றவர்களின் தடுப்பூசிதான் காவல். மருத்துவ விலக்கு அந்தக் குழந்தைக்காகவே இருக்கிறது. அதை எல்லோருக்கும் வாரி வழங்கினால் அந்தக் குழந்தைக்குத்தான் ஆபத்து. ஆனால் இன்னொரு ஆட்சேபத்தை அப்படித் தள்ளிவிட முடியாது: வேலைக்குப் போகும் ஏழைத் தாய்க்கு வீட்டுக் கல்வி என்பது ஏட்டளவிலான உரிமைதான். அந்தச் சுமை உண்மையானது. அதைக் குறைக்க வேண்டுமானால் தனிப் படிப்பு வசதிகளைப் பெருக்கலாம். பழைய படிவத்தைத் திரும்பக் கொண்டுவரத் தேவையில்லை.