பம்பு பொருத்திய இதயமும் திரும்பிப்போகும் ஊரும்

இதயத்தின் இடது கீழறை தளர்ந்துபோகும்போது, அதன் நுனியில் பொருத்தப்படும் சிறு பம்பு ரத்தத்தைத் தள்ளும் வேலையை ஏற்றுக்கொள்கிறது. ஹார்ட்மேட் 3 என்ற கருவியில் காந்த விசையால் மிதக்கும் சுழலி, நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்குமேல் ஓடுகிறது. வயிற்றுத் தோலைத் துளைத்து வரும் கேபிள் வழியே பேட்டரியின் மின்சாரம் அதற்குச் செல்கிறது. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், இதைப் பெற்றவர்களில் சுமார் 58 சதவீதம் பேர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் உயிரோடு இருந்தனர். சென்னையில் இத்தகைய பம்புகளைப் பொருத்தும் மருத்துவமனைகள் உண்டு. ஆனால் அதன்பின் வரும் ஆண்டுகள் எப்படிக் கழியும் என்பதைச் சென்னையைவிட, கொடைரோடு போன்ற சிறிய சொந்த ஊர்தான் தீர்மானிக்கும் என்பேன்.

சிக்கல்கள் பெரும்பாலும் வீட்டில்தான் முளைக்கின்றன. கேபிள் வெளிவரும் புண்ணில் வியர்வையும் தூசியும் சேர்ந்தால் கிருமித்தொற்று வரும். கேபிளை யாராவது இழுத்துவிட்டாலும் அதே ஆபத்து. ரத்தம் உறையாதிருக்க மாத்திரை வேண்டும். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2க்கும் 3க்கும் இடையே நிற்க வேண்டும். குறைந்தால் ரத்தக்கட்டி அடைத்துப் பக்கவாதம் வரலாம், கூடினால் ரத்தக்கசிவு. சுழலியின் வேகம் ரத்தத்திலுள்ள உறையவைக்கும் புரதம் ஒன்றைச் சிதைப்பதால், குடலில் கசிவு ஏற்கெனவே எளிது. சித்திரை வெயிலில் உடலின் நீர் வற்றினால் கீழறையில் ரத்தம் குறைந்து, பம்பு அதன் சுவரையே உறிஞ்ச, இதயத்துடிப்பு தாறுமாறாகும். இதயத்தின் வலது பக்கம் தளர்ந்தால் கால் வீங்கும். இடப்பக்கப் பம்பு அதற்கு உதவாது. மின்சாரம் நின்றால் கையில் சார்ஜ் ஏற்றிய பேட்டரி இருந்தாக வேண்டும்.

இந்தக் கவனிப்போடு உடற்பயிற்சியும் வேண்டும். இத்தனை பலவீனத்தோடு அதுவா என்று குடும்பத்தார் அஞ்சுவது நியாயமே. ஆனால் நோயில் மெலிந்த தசையைப் பம்பு மீட்டுத் தராது. நடையும், நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதும்தான் தரும். மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களின் நடைதூரமும் கால் வலுவும் கூடியதைச் சிறு ஆய்வுகள் காட்டுகின்றன. நாடி பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாது என்பதால், மூச்சு வாங்குவதையும் களைப்பையும் கேட்டே அளவு வகுக்க வேண்டும்.

பல லட்ச ரூபாய்க் கருவி சிலருக்கே கிட்டும், கிராமத்துச் சுகாதார ஊழியர்கள் இதைக் கற்பதால் யாருக்கு என்ன பயன் என்பார்கள். ஆனால் இதயத்தில் செயற்கை வால்வு வைத்துக்கொண்டு, ரத்தம் உறையாதிருக்க அசிட்ரோம் மாத்திரையில் வாழ்பவர்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களுக்கும் இதே ஐ.என்.ஆர். பரிசோதனை வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவந்துள்ளது. அந்த ஊழியர்களுக்குப் புண் கட்டுவதும் பயிற்சி அளவும் சொல்லித்தருவது பெருஞ்செலவல்ல. 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் ஒன்று தெரிய வேண்டும்: பம்பு பொருத்தியவரிடம் நாடி இல்லை என்பதால் உயிர் இல்லை என்றாகாது, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து, பம்பின் ரீங்காரம் கேட்கிறதா என்றே முதலில் பார்க்க வேண்டும்.