ஏர்போர்ட் லவுஞ்ச்: பிசினஸ் கிளாஸ் டிக்கெட் இருந்தும் கதவு திறக்காமல் போவது ஏன்? மதுரையிலிருந்து கிளம்புவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

மதுரை விமான நிலையத்தில் லவுஞ்ச் பற்றி அதிகம் யோசிக்க வேண்டிய அவசியம் வருவதில்லை. 2010-ல் திறக்கப்பட்ட பெருங்குடி டெர்மினல் அப்படியொன்றும் பெரியதில்லை. செக்யூரிட்டி செக்கைத் தாண்டினால் கேட் கிட்டத்தட்ட கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும். காத்திருப்பு என்பது அடுத்த ஊரில்தான் ஆரம்பிக்கிறது.

லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கவோ, மெல்போர்னில் பேரனைப் பார்க்கவோ கிளம்பும் பெற்றோர், சென்னையிலோ கொழும்பிலோ துபாயிலோ இறங்கி அஞ்சு, ஆறு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. "அங்க லவுஞ்ச் இருக்குப்பா, போய் சாப்பிட்டு ரெஸ்ட் எடுங்க" என்று பிள்ளைகள் போனில் சொல்லிவிடுவார்கள். ஆனால் கவுன்ட்டரில் போய் நின்ற பிறகு, "சார், உங்க டிக்கெட்ல இது வராது" என்று பதில் வந்தால்? விடிகாலை 3 மணிக்கு அதைக் கேட்பது சங்கடம்தான்.

லவுஞ்ச் என்பது என்ன?

ரயில்வே ஸ்டேஷனின் ஏ.சி. வெயிட்டிங் ஹாலை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் சோபா, பஃபே சாப்பாடு, காபி மெஷின், வைஃபை, சார்ஜிங் பாயின்ட், சுத்தமான டாய்லெட் ஆகியவற்றைச் சேர்த்தால் லவுஞ்ச். பெரிய விமான நிலையங்களில் குளிக்க ஷவரும், சாய்ந்து படுக்க இருக்கைகளும் இருக்கும். 1939-ல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் 'அட்மிரல்ஸ் கிளப்'பைத் தொடங்கியபோது, அது வி.ஐ.பி.க்களுக்கான இடம். இப்போது கதை வேறு. இந்தியாவில் லவுஞ்ச் வரிசையில் நிற்பவர்களில் பிசினஸ் கிளாஸ் பயணிகளைவிட கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள்.

பல இடங்களில் விமான நிறுவனங்களுக்குச் சொந்த லவுஞ்ச் கிடையாது. வேறொரு நிறுவனம் நடத்தும் லவுஞ்சுக்குத் தங்கள் பயணிகளை அனுப்பிவிடுவார்கள். அதனால், லட்சக்கணக்கில் டிக்கெட் எடுத்தவரும், டெபிட் கார்டைத் தேய்த்து வந்தவரும் ஒரே இட்லி தட்டுக்கு முன் நிற்பது சகஜம்.

பிசினஸ் கிளாஸ் என்றாலே லவுஞ்ச் உண்டா?

பெரும்பாலும் உண்டு. 'பெரும்பாலும்' என்பதுதான் இங்கே சிக்கல். குறைந்த விலை பிசினஸ் டிக்கெட்டுகளில் லவுஞ்சை வெட்டிவிடும் வழக்கம் சில ஆண்டுகளாக இருக்கிறது. எமிரேட்ஸ் 2019-ல் கொண்டுவந்த 'ஸ்பெஷல்' பிசினஸ் கட்டணத்திலும், கத்தார் ஏர்வேஸின் 'பிசினஸ் லைட்' கட்டணத்திலும் லவுஞ்ச் அனுமதி சேர்த்தி இல்லை. சீட் அதே சீட்தான், சாப்பாடும் அதேதான். ஆனால் தரையில் கிடைக்கும் வசதி போய்விடும். 'ஆஃபர்ல கிடைச்சது' என்று சந்தோஷப்படும் முன், டிக்கெட்டில் கட்டண வகை என்ன பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. எகானமி டிக்கெட் எடுத்து, ஏலம் கேட்டு பிசினஸ் சீட் வாங்கியவர்களும் லவுஞ்ச் உண்டா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மதுரைக்காரர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. மதுரை - சென்னை வழித்தடத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். போன்ற சின்ன விமானங்களில் பிசினஸ் கிளாஸே கிடையாது. பிசினஸ் கிளாஸ் உள்ள விமானம் என்றால், மதுரை - கொழும்பு ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ்தான் நெருக்கமான உதாரணம். மற்றபடி சென்னை வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வெளிநாட்டுக்கு வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால், இரண்டாவது பயணத்தின் பிசினஸ் உரிமை முதல் பயணத்துக்குச் செல்லாது. சென்னையில் இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, சர்வதேச டெர்மினலுக்குப் போய், செக்-இன், இமிகிரேஷன், செக்யூரிட்டி எல்லாம் முடிந்த பிறகே அந்த லவுஞ்ச் வரும். செக்-இன் கவுன்ட்டர் திறக்கும்வரை வெளியேதான் இருக்க வேண்டும். ஆறு மணி நேர காத்திருப்பில் பாதி இதிலேயே கரைந்துவிடும்.

கூட வருபவரை அழைத்துப் போகலாமா?

அப்பாவுக்கு முழங்கால் வலி என்று அவருக்கு மட்டும் பிசினஸ், அம்மாவுக்கு எகானமி என்று டிக்கெட் போடும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஏர் இந்தியா 2014 முதல் இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியின் பொது விதிப்படி, பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுக்கு விருந்தினர் அனுமதி கிடையாது. அடிக்கடி பறந்து 'கோல்ட்' தகுதி பெற்றவர்கள்தான் ஒருவரை அழைத்துப் போகலாம். அதாவது அப்பா உள்ளே, அம்மா வெளியே. பணம் கட்டி அம்மாவையும் சேர்க்க முடியுமா என்பது அந்தந்த லவுஞ்சைப் பொறுத்தது.

கார்டு இருக்கே, போதாதா?

முன்பு போதும். இப்போ அப்படி இல்லை. கூட்டம் அதிகமானதும் வங்கிகள் பிடியை இறுக்கிவிட்டன. உதாரணமாக, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி தன் பல கிரெடிட் கார்டுகளுக்கு 2024 ஏப்ரல் முதல், முந்தைய காலாண்டில் ரூ.35,000 செலவு செய்திருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் அது ரூ.75,000 ஆனது. கார்டுகளையும் லவுஞ்சுகளையும் இணைத்துவந்த ட்ரீம்ஃபோக்ஸ் நிறுவனம், 2025 செப்டம்பரில் உள்நாட்டு லவுஞ்ச் சேவையையே நிறுத்திக்கொண்டது. ஆக, போன வருஷம் வேலை செய்த கார்டு இந்த வருஷம் வேலை செய்யும் என்று நம்பிப் போக முடியாது.

உள்நாட்டு லவுஞ்சுக்கான சலுகை சர்வதேச டெர்மினலில் பொதுவாகச் செல்லாது. வெளிநாட்டு லவுஞ்சுகளில் 'பிரையாரிட்டி பாஸ்' போன்ற அட்டையைக் காட்டினால் உள்ளே விட்டுவிடுவார்கள். ஆனால் இலவச எண்ணிக்கை தாண்டியிருந்தால் டாலர் கணக்கில் கட்டணம் விழும். அது அங்கே தெரியாது, மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட் வரும்போதுதான் தெரியும். கார்டைத் தேய்க்கும்போது ரூ.2 போன்ற சின்னத் தொகை பிடிப்பது மட்டும் வழக்கமானது, அதற்குப் பதற வேண்டாம்.

ரூ.87,000 போன கதை

பதற வேண்டிய விஷயம் வேறு. 2024 செப்டம்பர் இறுதியில் பெங்களூரு விமான நிலையத்தில் ஒரு பெண் பயணி, கையில் கார்டு இல்லாததால் அதன் போட்டோவைக் காட்டி லவுஞ்சுக்குள் போக முயன்றார். ஒரு ஆப்பை டவுன்லோடு செய்து முகத்தை ஸ்கேன் செய்யச் சொன்னார்கள் என்றும், பிறகு தன் கார்டில் ரூ.87,000-க்கு மேல் போய்விட்டது என்றும் அவர் வெளியிட்ட வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அந்த 'லவுஞ்ச் பாஸ்' ஆப்பை ஆராய்ந்த கிளவுட்செக் நிறுவனம், அது போனுக்கு வரும் எஸ்.எம்.எஸ்.களைத் திருடி மோசடிக் கும்பலுக்கு அனுப்பியது என்று கண்டறிந்தது. எஸ்.எம்.எஸ். போனால் ஓ.டி.பி.யும் போச்சு. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சுமார் 450 பேர் அதை நிறுவியதாகவும், ரூ.9 லட்சத்துக்கு மேல் பறிபோனதாகவும் அந்நிறுவனம் சொன்னது.

லவுஞ்சில் நுழைய போர்டிங் பாஸும் கையில் கார்டும்தான் வழக்கமாகத் தேவை. வங்கியே வவுச்சர் அனுப்பினால் அது வங்கியின் சொந்த ஆப்பிலோ இணையதளத்திலோ இருக்கும். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க், பிளே ஸ்டோரில் இல்லாத ஆப், இரண்டையும் தொடவே கூடாது.

உள்ளே போனால்...

காலையில் போனால் இட்லி, பொங்கல், வடை, சாம்பார். மதியம், இரவு என்றால் சாதம், ஒரு சிக்கன் அயிட்டம், தயிர்சாதம். மதுரை நாக்குக்கு சட்னி கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். காலை 5 முதல் 8 மணி வரை கூட்டம் நெரியும். பிசினஸ் பயணியே சீட்டுக்கு நிற்க நேரலாம். இரண்டு அல்லது மூன்று மணி நேரம்தான் அனுமதி என்று பல இடங்களில் கணக்கு வைப்பார்கள். சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி எடுத்துவர முடியாது.

முக்கியமானது, பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பு கேட்காது. இண்டிகோ உள்நாட்டு விமானங்களில் புறப்படுவதற்கு 25 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். லவுஞ்சிலிருந்து கேட்டுக்கு 15 நிமிட நடை என்றால், தூங்கிப்போன பயணிக்கு விமானம் காத்திருக்காது. போனில் அலாரம் வைத்துக்கொள்வதும், கேட் எண்ணை ஸ்கிரீனில் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பதும் அவசியம்.

வீல்சேர் கேட்டிருக்கும் பெரியவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. வீல்சேர் ஊழியர் வழக்கமாக நேராக கேட்டில்தான் கொண்டுபோய் விடுவார். லவுஞ்சில் விடச் சொன்னால், எத்தனை மணிக்குத் திரும்ப வந்து கூட்டிப்போக வேண்டும் என்பதை அவரிடமும், லவுஞ்ச் ரிசப்ஷனிலும் சொல்லி வைக்க வேண்டும். ஷிஃப்ட் மாறினால் வேறொருவர் வருவார்; அவருக்கு இந்த விஷயம் தெரிந்திருக்காது.