அயலூரில் ஒரு கிண்ணம் கஞ்சி

கதிரவன் மறைந்ததும் நோன்பு திறக்க வேண்டும் என்னும் நெறி உலகெங்கும் ஒன்றே. அவ்வேளையில் கையில் ஏந்தும் உணவோ நாட்டுக்கு நாடு வேறுபடும். தமிழ் முஸ்லிம்களுக்கு அது நோன்புக் கஞ்சி. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து குழைய வெந்த அக்கஞ்சி, பகலெல்லாம் பசித்திருந்த வயிற்றுக்கு இதமளிப்பது.

கடல் கடந்த நம் முன்னோர் இதனையும் உடன் கொண்டு சென்றனர். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் சிங்கப்பூரில் 1826-இல் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் ரமலான்தோறும் கஞ்சி வழங்கப்படுகிறது. கோலாலம்பூரின் கம்போங் பாரு பள்ளிவாசலிலோ, 'பூபோர் லம்போக்' என்னும் மலாய்க் கஞ்சியைப் பெரும் அண்டாக்களில் கிண்டி, வருவோர்க்கெல்லாம் வழங்குகிறார்கள்.

அயலார் உணவை எவ்வாறு அணுகுவது? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். ஒருமுறை உடும்பு இறைச்சி பரிமாறப்பட்டபோது பெருமானார் கையை எடுத்துக்கொண்டார்கள். அது விலக்கப்பட்டதா எனக் காலித் பின் வலீத் (ரலி) வினவ, இல்லை என்றும், தம் மக்களின் நாட்டில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்றும் விடையளித்தார்கள். காலித் அவர்கள் அதை உண்டார்கள்; நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்டவரும் கடியப்படவில்லை, உணவும் இகழப்படவில்லை. எத்துணை அழகிய பண்பாடு!

அன்பர்களே! இப்பண்பைக் கடைப்பிடிக்க நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பீகார், ஜார்க்கண்ட், வங்கம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்துள்ள இளைஞர்களுள் நோன்பாளிகளும் உண்டு. கொண்டைக்கடலையும் பக்கோடாவும் சர்பத்தும் கொண்டு நோன்பு திறந்து பழகியவர்க்கு நம் கஞ்சி அயல்நாட்டு உணவே ஆகும். முதற்கவளத்தில் ஒருவர் தயங்கினால் நகையாதீர்கள்!

நம் மஹல்லாவாசிகள் அஸர் தொழுகைக்குப்பின் தூக்குச்சட்டியுடன் பள்ளிக்கு வந்து கஞ்சி பெற்றுச் செல்கின்றனர். வாடகை அறையில் பலரோடு தங்கியிருப்பவரிடம் தூக்குச்சட்டி ஏது? வழக்கமும் அறியார்; மொழியும் அறியார். மாலை ஷிப்டில் உள்ளவரோ நோன்பு திறக்கும் வேளையில் இயந்திரத்தின்முன் நிற்பார்.

நோன்புக் கஞ்சிக்கெனத் தமிழக அரசு 2001 முதல் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கி வருகிறது. தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த 2020-இல் அவ்வரிசி இல்லங்களுக்கே கொண்டு சேர்க்கப்பட்டது. இல்லம் தேடிச் செல்ல அன்று முடிந்த நமக்கு, தொழிலாளர் அறை தேடிச் செல்ல இன்று முடியாதா?

ஜகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினருள் வழிப்போக்கரையும் திருமறை சேர்த்துள்ளது. நோன்பாளியை நோன்பு திறக்கச் செய்தவருக்கு, அந்நோன்பாளியின் கூலி சிறிதும் குறையாமல் அதே கூலி உண்டு என்பது நபிமொழி. ஆகவே இவ்வாண்டு கஞ்சி காய்ச்சுகையில் அயலூர்ச் சகோதரருக்கென ஒரு பாத்திரத்தைத் தனியே எடுத்து வையுங்கள். பெருநாளன்று அவர் தம் ஊர் முறையில் சமைத்த சேமியாவை நீட்டினால், நீங்களும் மனமுவந்து அருந்துங்கள்!